கான்குனில் கடல் குளியல்: டெல்ஃபினெஸா, நோர்த்தேயா?

மெக்சிகோவின் கான்குனுக்குப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம்: ஓட்டல் பகுதியிலேயே இருக்கும் பிளாயா டெல்ஃபினெஸ் கடற்கரை போதுமா, படகேறி இஸ்லா முஹேரெஸ் தீவின் பிளாயா நோர்த்தே வரை போகணுமா?

அலை: டெல்ஃபினெஸ் திறந்த கரிபியன் கடலைப் பார்த்திருக்கிறது. அலை ஆளையே புரட்டும். உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. நோர்த்தேயில் தண்ணீர் குளம் மாதிரி; வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான்.

செலவு: டெல்ஃபினெஸுக்கு நகரப் பேருந்தே போகும், ஓலைக்குடை நிழலும் இலவசம் (காலையிலேயே இடம் பிடித்தால்). நோர்த்தேக்குப் படகுக் கட்டணம், நாற்காலி வாடகை.

பாசி: கோடையில் சர்காசம் என்ற மிதக்கும் கடற்பாசி பெரும்பாலும் டெல்ஃபினெஸ் மாதிரியான கிழக்குக் கரைகளில்தான் ஒதுங்கும், நோர்த்தே பல நாள் தப்பிவிடும்.

கொடி: கடற்கரையில் பறக்கும் எச்சரிக்கைக் கொடி பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சளுக்குக் கவனம், சிவப்பு ஆபத்து, கறுப்பு என்றால் இறங்கவே கூடாது. நன்றாக நீந்துகிறவர்கள்தான் சிவப்பை அலட்சியம் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு. நீரோட்டம் இழுத்தால் எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள்.

குழந்தைகளோடு போனால் நோர்த்தே, யோசிக்கவே வேண்டாம். படமும் காற்றும் போதுமென்றால் டெல்ஃபினெஸ். குளிர்காலத்தில் வாடைக்காற்று பலமானால் தீவுக்குப் படகே நின்றுபோகலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.