டிபன் கடைக்கு எந்த சென்டர்? டாலஸ் புறநகரில் மூன்று ரக வாடகை இடங்கள்

டாலஸைச் சுற்றி பிரிஸ்கோ, பிளேனோ, அர்விங் பக்கம் நம் குடும்பங்கள் பெருகப் பெருக, டிபன் கடை ஒன்று போடலாமே என்ற பேச்சும் கூடுகிறது. கைமணம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், சாப்பிடவும் ஆள் இருக்கிறது. இடம் பார்க்கும்போதுதான் தடுமாற்றம். புரோக்கர் காட்டும் கடைகள் பெரும்பாலும் மூன்று ரகத்தில் அடங்கிவிடும். குரோகர், டாம் தம் போன்ற அமெரிக்க சூப்பர் மார்க்கெட் இருக்கும் ஷாப்பிங் சென்டரில் ஒரு கடை. படேல் பிரதர்ஸ் போன்ற இந்திய மளிகை இருக்கும் சென்டரில் ஒரு கடை. பெரிய கடை எதுவும் இல்லாத சாலையோர வரிசையில் ஒரு கடை.

1,500 சதுர அடி, இருபது முப்பது பேர் உட்காரலாம், காலையில் இட்லி பொங்கல், நாள் முழுக்க தோசை, காபி. இப்படி ஒரு கடையை மனதில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து சாப்பிடும் டிபன் கடைக்கு இந்திய மளிகை சென்டர்தான் சரியான இடம். ஆனால் லீஸில் இரண்டு விஷயங்கள் எழுத்தில் கிடைக்க வேண்டும், அவற்றைக் கீழே சொல்கிறேன். கிடைக்கவில்லை என்றால் சாலையோர வரிசைக்குப் போய்விடுங்கள்.

முதலில் வாடகைக் கணக்கு. டெக்சஸில் வாடகையை ஒரு சதுர அடிக்கு ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். ‘32, பிளஸ் டிரிபிள் நெட் 12’ என்று புரோக்கர் சொன்னால், 44-ஐ 1,500-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 66,000 டாலர், மாதம் 5,500. (இந்த எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. ஊருக்கு ஊர், சென்டருக்கு சென்டர் மாறும்.) டிரிபிள் நெட் என்பது சொத்து வரி, இன்சூரன்ஸ், பொது இடப் பராமரிப்பு ஆகிய மூன்றிலும் நம் பங்கு. 32 லீஸில் எழுதியபடி ஏறும். 12 அப்படி இல்லை, அது வெறும் மதிப்பீடு. வருடம் முடிந்ததும் உண்மைச் செலவைக் கணக்குப் பார்த்து, மதிப்பீட்டைத் தாண்டிய பணத்தைக் கட்டச் சொல்லி கடிதம் வரும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால் உள்ளூர் அரசுகளும் பள்ளிகளும் சொத்து வரியைத்தான் நம்பி நடக்கின்றன. நில மதிப்பு ஏறும் ஊரில் அந்த 12 அங்கேயே நிற்காது.

சரி, முதல் ரகம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றி அமைந்த அக்கம்பக்க சென்டர், பொதுவாக 30,000 முதல் 1,25,000 சதுர அடி வரை இருக்கும். மூன்று மைல் சுற்றளவில் இருப்பவர்கள் வாரத்தில் ஓரிரு முறை வந்து போவார்கள். இந்த வரத்துதான் அங்கே விற்பனைக்கு இருக்கும் சரக்கு. அதற்குத்தான் நாம் கூடுதல் வாடகை தருகிறோம். சூப்பர் மார்க்கெட் சதுர அடிக்குக் கொடுப்பது மிகக் குறைவு, பக்கத்துச் சின்னக் கடைகள் கொடுப்பது பல மடங்கு. அதில் தவறொன்றும் இல்லை, ஆளைக் கூட்டி வருவது அவர்கள்தானே. ஆனால் அந்த ஆள் நம் ஆளா என்று பார்க்க வேண்டும். பல் டாக்டர், முடி வெட்டும் கடை, டிரை கிளீனர், குழந்தைகளுக்குக் கணக்கு டியூஷன், இவர்களுக்கெல்லாம் பால் வாங்க வருகிற எவரும் வாடிக்கையாளர்தான். பொங்கலுக்கும் மெதுவடைக்கும் அப்படி இல்லை. வருபவர்களில் ஒரு பகுதிதான் நம் கடைக்குள் நுழைவார்கள், வாடகையோ முழு வரத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, அந்த சூப்பர் மார்க்கெட்டின் லீஸ் நமக்கும் பொருந்தும். தன் வாசலிலிருந்து இத்தனை அடிக்குள் உணவகம் வரக்கூடாது, சென்டரில் உணவகங்களின் மொத்தப் பரப்பு இவ்வளவைத் தாண்டக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அதில் சகஜம். சாப்பிட உட்கார்பவர் ஒரு மணி நேரம் பார்க்கிங்கைப் பிடித்துக்கொள்கிறார் என்பதுதான் அவர்கள் கவலை. நமக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தம் அது. லேண்ட்லார்டு நம்மிடம் எதைச் சொன்னாலும் அதை மீற முடியாது. ஆகவே கடையைப் பிடிப்பதற்கு முன், சென்டரில் நடப்பில் இருக்கும் தடைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நல்ல லேண்ட்லார்டு கொடுப்பார்.

பெரிய கடை எங்கே போகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஹேகன் கதையைச் சொல்ல வேண்டும். வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் 18 கடைகள் வைத்திருந்த சூப்பர் மார்க்கெட் நிறுவனம் அது. ஆல்பர்ட்சன்ஸ், சேஃப்வே என்ற இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் 2015-இல் இணைந்தபோது, போட்டி குறையாமல் இருக்க கைமாற்ற வேண்டியிருந்த கடைகளில் 146-ஐ அது வாங்கியது. கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா வரை பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் திவால் மனு. ஒரே வருடத்துக்குள் பெயர்ப்பலகை மாறி, பிறகு விளக்கும் அணைந்த சென்டர்கள் எத்தனையோ. அங்கே இருந்த சாண்ட்விச் கடையும் சலூனும் இதில் ஒரு தவறும் செய்யவில்லை. குரோகர் 2022 அக்டோபரில் ஆல்பர்ட்சன்ஸை 24.6 பில்லியன் டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தபோதும் இதே பயம் எழுந்தது. 579 கடைகளை, முக்கியமாக மொத்த வியாபாரம் செய்யும் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவது அவர்கள் திட்டம். 2024 டிசம்பரில் நீதிமன்றங்கள் தடுத்ததால் அது நின்றது. டாலஸில் குரோகரும் இருக்கிறது, ஆல்பர்ட்சன்ஸுக்குச் சொந்தமான டாம் தம்மும் இருக்கிறது. அந்த இரண்டு வருடம் அங்கே லீஸ் போட்டவர்கள் பக்கத்துக் கடையின் எதிர்காலம் தெரியாமல்தான் போட்டார்கள்.

இரண்டாவது ரகத்துக்கு வருவோம். படேல் பிரதர்ஸ் 1974-இல் சிகாகோ டெவன் அவென்யூவில் ஒரே கடையாகத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்ட கடைகள். அதுபோன்ற கடைக்கு ஆள் மூன்று மைலிலிருந்து வருவதில்லை, அரை மணி நேரம் கார் ஓட்டியும் வருவார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி, குழந்தைக்கு மாம்பழம் என்று வண்டி நிறைய வாங்கி முடிக்கும்போது மணி ஒன்று ஆகியிருக்கும், வீட்டுக்குப் போய்ச் சமைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் அடுத்த கதவில் தோசைக்கல் சத்தம் கேட்டால் போதும். வருபவர் எல்லாருமே நம் ஆள் என்பது வேறு எந்த சென்டரிலும் கிடைக்காத வசதி. பழைய அமெரிக்க சூப்பர் மார்க்கெட் காலி செய்த கட்டிடத்தில்தான் இப்படிப்பட்ட மளிகைகள் பல வருகின்றன, அதனால் சென்டரும் பழையது, வாடகையும் பொதுவாகக் குறைவு.

கவனிக்க வேண்டியது, நம் வியாபாரமும் மளிகையின் வியாபாரமும் உரசும் இடம். மளிகைக்கு லீஸில் தனியுரிமை இருக்கும்: இந்த சென்டரில் இந்திய மளிகைப் பொருள், காய்கறி, பாக்கெட் உணவு வேறு யாரும் விற்கக்கூடாது. சில இடங்களில் மளிகைக்குள்ளேயே சாட் கவுண்டரும் ஸ்வீட் கவுண்டரும் உண்டு, அவற்றையும் அது சேர்த்திருக்கும். தோசை விற்கலாம், சரி. கல்லாப் பக்கத்தில் ஒரு ஃபிரிட்ஜ் வைத்து தோசை மாவு டப்பா விற்கலாமா? பொடி பாட்டில்? தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம்? டிபன் கடைக்கு இவை சின்ன விஷயம் இல்லை. வார இறுதியில் மாவு டப்பா விற்பனையே வாடகையில் கணிசமான பங்கைத் தரலாம். நான் சொன்ன இரண்டு விஷயங்களில் முதலாவது இதுதான். நம் லீஸில் ‘உணவகம்’ என்று மட்டும் எழுதி விடாதீர்கள். ‘உணவகமும், அங்கே தயாரித்த மாவு, பொடி, பலகாரங்களைப் பொட்டலமாக விற்பதும்’ என்று விரிவாக எழுதச் சொல்லுங்கள். மளிகையின் தனியுரிமையோடு இது மோதவில்லை என்று லேண்ட்லார்டு எழுத்தில் உறுதி தர வேண்டும்.

கூடவே நமக்கும் ஒரு தனியுரிமை கேளுங்கள். இந்திய உணவகமே வேறு வரக்கூடாது என்று கேட்டால் கிடைக்காது, கேட்கவும் கூடாது. பிரியாணிக் கடையும் சாட் கடையும் பக்கத்தில் இருந்தால் நமக்கும் நல்லதுதான். தோசை, இட்லி முதன்மையாக விற்கும் இன்னொரு கடை வேண்டாம் என்ற அளவில் கேட்டால் பல லேண்ட்லார்டுகள் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது விஷயம், மளிகை மூடினால் என்ன ஆகும் என்பது. கோ-டெனன்சி என்று இதைச் சொல்வார்கள். மளிகை மூடிக் கிடக்கும் காலத்தில் நம் வாடகை குறைய வேண்டும், பாதியாகவோ விற்பனையில் ஒரு சதவீதமாகவோ. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் லீஸை முறித்துக்கொள்ள உரிமை வேண்டும். சின்னக் கடைக்கு இதை எளிதில் தர மாட்டார்கள், இருந்தாலும் விடாமல் கேளுங்கள். இந்த சென்டருக்கு நாம் வருவதே அந்த மளிகையால்தான். வாசகத்தையும் உற்றுப் பாருங்கள். ‘மளிகையின் லீஸ் நடப்பில் இருக்கும் வரை’ என்று எழுதினால் பயனில்லை. கடையைப் பூட்டிவிட்டு, போட்டியாளர் உள்ளே வராமலிருக்க வாடகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய கடைகள் உண்டு. ‘திறந்து வியாபாரம் நடக்கும் வரை’ என்று இருக்க வேண்டும். மாற்றாக வருவது ஏறக்குறைய அதே அளவு மளிகையாக இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஜிம்மைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலி இடம் நிரம்பிவிட்டது என்பார்கள்.

மளிகைக்காரரே சென்டரின் உரிமையாளராக இருந்தால் நான் தயங்குவேன். நம் வியாபாரம் நன்றாக நடப்பது தெரிந்து, உள்ளே அவரே ஒரு தோசைக் கவுண்டர் போட்டால், நாம் முறையிட வேண்டிய ஆளும் அவர்தான்.

மூன்றாவது ரகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகை குறைவு, தடைகள் குறைவு, லேண்ட்லார்டு நேரில் பேசக்கூடியவராக இருப்பார். ஆள் மட்டும் தானாக வராது. கேட்டரிங், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து மாலையில் டப்பா கொடுப்பது, மளிகைகளுக்கே மாவு சப்ளை, இந்த வகை வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருபவர், பக்கத்தில் என்ன கடை என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். ‘பக்கத்திலேயே எச்.இ.பி. (டெக்சஸின் பெரிய சூப்பர் மார்க்கெட்) இருக்கிறது’ என்று சொல்லி முதல் ரகத்தின் வாடகையைக் கேட்பார்கள். பிரிஸ்கோவிலும் பிளேனோவிலும் 2022-இல் எச்.இ.பி. திறந்தபின் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அந்தக் கடை தனி நிலத்தில் இருந்தால் நம் லேண்ட்லார்டுக்கும் அதற்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அது மூடினால் நமக்கு எந்த உரிமையும் வராது. அதன் பெயரைச் சொல்லி வாடகை ஏற்ற அவருக்கும் நியாயம் குறைவு.

முதல் இரண்டு ரகத்திலும் ஒளிந்திருக்கும் ஒரு கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பராமரிப்புச் செலவில் ‘உங்கள் பங்கு’ எப்படி வருகிறது? சென்டர் 80,000 சதுர அடி, அதில் பெரிய கடை 50,000, நம் கடை 1,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பில் நம் பங்கு 1.875 சதவீதம். வருடப் பராமரிப்பு 2,40,000 டாலர் என்றால் நாம் கட்ட வேண்டியது 4,500. ஆனால் பெரிய கடை தன் லீஸில் 60,000 டாலருக்கு மேல் தர மாட்டேன் என்று உச்சவரம்பு வாங்கியிருக்கலாம். அப்போது மீதி 1,80,000-ஐ மற்ற 30,000 சதுர அடிக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் பங்கு 5 சதவீதம், கட்ட வேண்டியது 9,000. கடை அதே கடை, பார்க்கிங்கும் அதேதான். லீஸில் ‘பெரிய கடைகள் நீங்கலாக’ என்று மூன்று சொற்கள் இருந்தால் போதும், செலவு இரட்டிப்பாகிவிடும். வகுக்கும் எண் எது என்று கேளுங்கள், கடந்த மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள், பராமரிப்பு ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு கேளுங்கள். சொத்து வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் வரம்பு தர மாட்டார்கள், மற்றவற்றுக்குத் தருவார்கள்.

அப்புறம் அடுப்படி. தோசைக்கல், வடைச் சட்டி என்றால் எண்ணெய்ப் புகையை இழுக்கும் ஹூட், தீயணைப்பு வசதி, கழிவுநீரில் எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் கிரீஸ் டிராப் எல்லாம் வேண்டும். வெறும் சுவராக இருக்கும் புதுக் கடையில் இவற்றைப் போடும் செலவு, வாடகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தின்றுவிடும். முன்பு உணவகமாக இருந்த கடை கிடைத்தால், சதுர அடிக்கு இரண்டு மூன்று டாலர் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுப்பேன். இந்த ஒரு காரணத்துக்காகவே, மூன்று ரகத்தில் எதில் அப்படிப்பட்ட கடை கிடைக்கிறது என்பது முடிவை மாற்றலாம். வாடகை தொடங்கும் தேதியையும், சாவி வாங்கிய நாளிலிருந்து இத்தனை நாள் என்று இல்லாமல், நகராட்சி அனுமதி கிடைப்பதோடு இணைத்து எழுதச் சொல்லுங்கள்.

எந்த இடமானாலும் கடைசிப் பக்கத்தில் தனிநபர் உத்தரவாதம் கேட்பார்கள். ஐந்து வருட லீஸ் என்றால் மேலே போட்ட கணக்கின்படி மூன்று லட்சம் டாலருக்கு மேல் நம் சொந்தப் பொறுப்பு. நம் பக்கம் இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. எச்4 (துணைவர் விசா) வேலை அனுமதியில் மனைவி கடை நடத்துவார், எச்1பி வேலை விசாவில் இருக்கும் கணவரும் உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடுவார். வேலை போய் நாட்டை விட்டே கிளம்ப நேர்ந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லும். ஒருவர் மட்டும் கையெழுத்திடுவது, ஒழுங்காக வாடகை கட்டிய ஒவ்வொரு வருடமும் உத்தரவாதத் தொகை குறைவது, அல்லது எப்போது வெளியேறினாலும் ஒரு வருட வாடகையோடு பொறுப்பு முடிவது, இவற்றில் ஒன்றையாவது வாங்காமல் பேனாவை எடுக்காதீர்கள். வக்கீலுக்கு இதையெல்லாம் படிக்கக் கொடுக்கும் செலவு, பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக்கூடத் தாண்டாது.