வீட்டு சர்வரா, மேனேஜ்டு ஹோஸ்டிங்கா? எம்.சி. ரோடு நைட்டிக் கடையின் அனுபவம்

மாமாவுக்கு எம்.சி. ரோட்டில் நைட்டி மொத்த வியாபாரம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள்தான் வாடிக்கை. டிசைனை மொபைலில் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஆர்டர் போடட்டும் என்று 2022 தொடக்கத்தில் வேர்ட்பிரஸும் (சைட் கட்டும் மென்பொருள்) வூகாமர்ஸும் (அதில் கடை வசதி சேர்ப்பது) வைத்து நான்தான் சைட் செய்து கொடுத்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அது ராயபுரத்தில் எங்கள் வீட்டு பீரோ மேல் இருந்த ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் ஓடியது, அதுதான் எங்கள் சர்வர். 2024 ஜனவரியிலிருந்து, சர்வரைத் தாங்களே வைத்துப் பராமரிக்கும் ஒரு மேனேஜ்டு ஹோஸ்டிங் கம்பெனியில் ஓடுகிறது. இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: கடை சைட் என்றால் மேனேஜ்டுதான். ஆனால் பேக்கப்பை மட்டும் அவர்களை நம்பி விடாதீர்கள்.

வீட்டில் வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். வேர்ட்பிரஸ், உபுண்டு (லினக்ஸ்), மரியாடிபி (டேட்டாபேஸ்) எல்லாமே இலவசம், எந்த பிளகின் (கூடுதல் வசதி) போட்டாலும் கேட்க ஆள் இல்லை, லினக்ஸில் இன்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தச் சின்னப் பெட்டியில் கற்றதுதான். செலவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் ஃபைபர் இணைப்பில் தனி ஐபி (இணைய முகவரி) கிடையாது, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருந்தார்கள், அதனால் வெளியிலிருந்து யாரும் சர்வருக்கு வந்து சேர முடியாது. மாதா மாதம் தனியாகப் பணம் கட்டி, எங்களுக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டாடிக் ஐபி வாங்கினேன். (சர்வரே வெளியே போய் இணைப்பு போட்டுக்கொள்ளும் கிளவுட்ஃப்ளேர் டனல் இருந்தால் இது தேவையில்லை. அப்போது எனக்குத் தெரியாது.)

சைட் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள் வரைக்கும்தான். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் நான் வைத்திருந்த முறையில் அதற்கு 80-ஆம் போர்ட் (சர்வருக்குள் வரும் வாசல்களில் ஒன்று) திறந்திருக்க வேண்டும். மோடம் மாற்றியபோது, சைட்டுக்கு வருகிறவர்கள் நுழையும் 443-ஐத் திறந்துவிட்டு 80-ஐ விட்டுவிட்டேன். சைட் நன்றாக ஓடியதால் சந்தேகமே வரவில்லை, சான்றிதழ் புதுப்பிக்காமலே காலாவதியாகிவிட்டது. 2023 தீபாவளிக்கு முந்தைய வாரம், நான் அம்பத்தூரில் வேலையில் இருக்கும்போது அக்காவிடமிருந்து ஃபோன்: “தம்பி, சைட்டுக்குள்ள போனா பாதுகாப்பு இல்லைன்னு வருதுடா, பொன்னேரிக்காரர் மூணு தடவை ஃபோன் பண்ணிட்டார்.” சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது, ஆனால் நான் வீடு வந்து சேர இரவு ஒன்பது.

அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கியது. கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் ராஸ்பெரி பையில் சிவப்பு விளக்கு எரிகிறது, பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு சிமிட்டவே இல்லை. தகவல் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், சைட் முழுக்க இருக்கும் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு, அதுதான் நடந்திருந்தது. பென் டிரைவில் இருந்த பேக்கப் மூன்று வாரம் பழையது. கிறிஸ்துமஸ் சரக்குக்கு வந்திருந்த ஆர்டர்களை மாமா ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஃபோன் போட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த மாதமே மாற்றிவிட்டேன்.

மேனேஜ்டில் சான்றிதழ், வேர்ட்பிரஸ் அப்டேட், தினசரி பேக்கப் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒருமுறை, வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் வெர்ஷனை ஏற்றியதில் ஒரு பழைய பிளகின் உடைந்து, ஆர்டரை முடிக்கும் செக்அவுட் பக்கம் வெள்ளையாகிவிட்டது. இரவு பதினொன்றரைக்கு சாட்டில் எழுதினேன், இருபது நிமிடத்தில் பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் நான் பணம் கட்டுகிறேன்.

குறையும் உண்டு. முதல் வருட விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், எங்களுக்குப் புதுப்பிக்கும்போது இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மெயில் வசதி அதில் சேராது. சைட்டை வேகமாக்க நான் பழகிவைத்திருந்த கேஷ் பிளகினையும் அங்கே போட விடவில்லை. பேக்கப் 14 நாளைக்கு வைத்திருப்பார்கள், ஆனால் அதுவும் அவர்கள் கணக்குக்குள்ளேயேதான் இருக்கிறது. நாளைக்குக் கணக்கே முடங்கினால் சைட்டும் பேக்கப்பும் சேர்ந்தே போய்விடும். டொமைனை (சைட்டின் பெயரை) அவர்களிடமே வாங்கச் சொல்லி ஆஃபர் காட்டினார்கள், வேண்டாம் என்று வேறு இடத்தில் மாமா பெயரிலேயே வைத்திருக்கிறேன்.

நடுவில் விபிஎஸ் (வாடகைக்கு எடுத்து நாமே பராமரிக்கும் சர்வர்) என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் கவலை தீரும், அவ்வளவுதான். அப்டேட், ஃபயர்வால், இரவு முழுக்க ‘அட்மின்’ பெயரில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) எல்லாம் திரும்ப உங்கள் தலையில்தான். சொந்த பிளாக், பழகிப் பார்க்க என்றால் தாராளமாக வீட்டில் வையுங்கள், நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

புது கார்டு போட்ட அதே ராஸ்பெரி பை இப்போதும் பீரோ மேல்தான் இருக்கிறது. தினமும் இரவு இரண்டு மணிக்குக் கடை சைட்டின் டேட்டாபேஸையும் படங்களையும் இழுத்து, யுஎஸ்பியில் மாட்டிய ஹார்ட் டிஸ்கில் போடுகிறது. மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பிலிருந்து சைட்டை வீட்டிலேயே எழுப்பி, கடைசி ஆர்டர் எண் சரியாக இருக்கிறதா என்று அக்காவிடம் ஃபோனில் கேட்டுக்கொள்கிறேன்.