மூளைச்சாவு: ஒரே வரையறையா, பல வழிகளா?

மூளை நின்றுவிட்டது. வென்டிலேட்டரின் தயவில் மார்பு ஏறி இறங்குகிறது. கை இன்னும் கதகதப்பாகவே இருக்கிறது. இவர் இறந்துவிட்டாரா?

ஆம் என்பது ஒரு வழி. 1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு மூளைச்சாவுக்கு முன்வைத்த அளவுகோலிலிருந்து வளர்ந்தது. தெளிவானது, உறுப்பு தானத்துக்கும் உதவுவது. ஆனால் ஆள் என்பவர் மூளைக்குள் மட்டுமே குடியிருக்கிறார் என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. இது ஸ்கேனில் தெரிந்த உண்மை அல்ல. ஒரு தத்துவ நிலைப்பாடு, வெள்ளைக் கோட்டு அணிந்து வருகிறது, அவ்வளவுதான்.

மற்றது, மரணத்தை உடலும் உறவும் சேர்ந்த நிகழ்வாகக் காணும் மரபுகளையும் அறிவாக மதிப்பது. ஜப்பானின் 1997 சட்டத்தில், தானத்துக்குச் சம்மதம் எழுதிவைத்தவருக்கு, குடும்பமும் மறுக்காவிட்டால் மட்டும், மூளைச்சாவு சாவாகக் கொள்ளப்பட்டது. தானங்கள் அரிதாகவே நடந்தன. 2009-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியோ 1991-லேயே மத நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவைச் சாவாக ஏற்காதவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. மாநில எல்லையைத் தாண்டினால் நோயாளி பிணமாகிவிடக்கூடும் என்ற விசித்திரமும் கூடவே வந்தது.

அந்த விசித்திரத்தையும் சேர்த்தே நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். குடும்பத்தாரிடம் முதலில் கேட்க வைப்பது அதுதான்.