“வைஃபை கார்டு போச்சுண்ணே” என்றால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள்

மதுரையில் பழைய மேக்புக் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடைப் பெயர் வேண்டாம், டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மகள் காலேஜ் சேர்ந்தபோது ஆப்பிள்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். புதுசு நமக்குக் கட்டாது. திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய் நாலு கடை பார்த்ததில், ஒருவர் 2017 மேக்புக் ஏர் ஒன்றை எடுத்து வைத்தார். 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, 26,500 ரூபாய். மற்ற கடைகளில் இதே மாடல் ஐந்தாறாயிரம் குறைவு. ஏன் என்று கேட்டேன். “அண்ணே, அவங்க தர்றது மான்டரேயோட நின்னுரும், நம்மகிட்ட சோனோமாவே ஓடுது பாருங்க” என்று திறந்து காட்டினார். மான்டரே, வென்ச்சுரா, சோனோமா என்பவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த மேக் ஓஎஸ், அதாவது இயங்குதளப் பதிப்புகளின் பெயர்கள். ஓடத்தான் செய்தது. நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு, பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்ததையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மாடலுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி ஓஎஸ் மான்டரேதான். அதற்கு மேலே ஏற்ற ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து தருவது, அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விஷயத்தை மறைத்து விற்றதில்தான் வயிற்றெரிச்சல். இந்த ஏரின் கிராஃபிக்ஸுக்கான டிரைவரை, அதாவது அந்தப் பாகத்தோடு ஓஎஸ் பேச உதவும் மென்பொருளை, வென்ச்சுராவிலேயே ஆப்பிள் எடுத்துவிட்டது, வைஃபை கார்டுக்கானதை சோனோமாவில் எடுத்தது. பேட்சர் அந்தப் பழைய டிரைவர்களைக் கொண்டுவந்து சிஸ்டத்துக்குள் சொருகுகிறது. அப்டேட் வந்து நீங்கள் அமுக்கினால் சிஸ்டம் பகுதி புதிதாக எழுதப்பட்டு, சொருகியதெல்லாம் போய்விடும். மறுபடி பேட்ச் போட்டால்தான் உண்டு.

இது தெரியாமல் மகள் ஒரு ராத்திரி அப்டேட் கொடுத்துவிட்டுப் படுத்தாள். காலையில் வைஃபை இல்லை, திரையில் எதைத் தொட்டாலும் இழுத்து இழுத்து வருகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “வைஃபை கார்டு போச்சுண்ணே, அதான் மெஷினே திணறுது. 3,800 ஆகும், சாயங்காலம் வாங்க.” வைஃபை கார்டு போனதற்குத் திரை ஏன் திணற வேண்டும்? அப்போது கேட்கத் தோன்றவில்லை. கொடுத்தேன், சாயங்காலம் எல்லாம் ஓடியது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு அப்டேட், அதே கதை. இந்தத் தடவை ஒத்தக்கடையிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். அவன் முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துத்தான் பார்த்தான். அடியில் பத்து ஸ்க்ரூ. அதில் ஒன்றின் மேல், வாங்கிய வாரமே மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர் பாதி ஏறிக் கிடக்கிறது, ஓரம்கூடக் கிழியவில்லை. “மாமா, இதைக் கழட்டாம உள்ள கார்டை எப்படி மாத்துனாங்க?” எனக்கும் அப்போதுதான் உறைத்தது: பக்கத்து வீட்டுப் பையன்கள் நெட்டை உறிஞ்சுகிறார்கள் என்று ரூட்டரில் எங்கள் மெஷின்களின் முகவரி எண்ணை மட்டும் பதிந்து வைத்திருந்தேன். புதுக் கார்டு என்றால் எண்ணும் மாறியிருக்கும், வீட்டு வைஃபைக்குள் நுழைந்தே இருக்காது. மூன்று மாதமாக ஜம்மென்று நுழைந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆன் செய்தான். மெஷினில் இருக்கும் ஓஎஸ்ஸைத் தொடாமல் தனியே ஓடும் ஆப்பிளின் ரெக்கவரி வந்து வைஃபை பெயர்களைக் காட்டியது, பாஸ்வேர்டு போட்டதும் சேர்ந்துகொண்டது. அங்கே சோனோமா குறுக்கே நிற்கவில்லை, கார்டு பேசுகிறது. கார்டு நல்லா இருக்கிறதா, டிரைவர்தான் இல்லையா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை, ஐந்து பைசா செலவில்லை.

பேட்ச் போடும்போது நெட் வேண்டியிருந்தது. என் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகினால் மேக் சீண்டவே இல்லை, அவனுடைய ஐபோனைச் செருகினோம். கடைக்காரர் அழிக்காமல் விட்ட பேட்சர் அப்ளிகேஷன் ஃபோல்டரிலேயே கிடந்தது. அதைத் திறந்து, பழைய டிரைவர்களை மறுபடி சொருகும் ‘ரூட் பேட்ச்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது. இந்தப் பத்து நிமிட வேலைக்குத்தான் 3,800. தானாக அப்டேட் ஆவதையும் அணைத்துவிட்டுப் போனான். இன்னொன்றும் சொன்னான்: இந்த பேட்சுக்காக மேக்கின் பாதுகாப்பில் ஒரு பகுதியைத் தளர்த்தித்தான் வைக்க வேண்டுமாம், அதனால் பேங்க் வேலையை நான் அதில் செய்வதில்லை.

வாங்கும்போது கடையிலேயே ஆப்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். வழக்கமான டிஸ்க்கோடு ‘ஈஎஃப்ஐ பூட்’ என்று இன்னொரு படம் நின்றால் இந்த வேலை நடந்திருக்கக் கூடும், நேராகக் கேட்டுவிடுங்கள். அந்த மாடலுக்கு எந்த ஓஎஸ் வரை உண்டு என்பது ஆப்பிள் தளத்திலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள்.

ஸ்டிக்கரோடு லேப்டாப்பைக் கொண்டுபோய் மேஜையில் கவிழ்த்து வைத்தேன். “பையன் மாத்திட்டேன்னு சொன்னாண்ணே” என்று வேலைக்காரப் பையன் மேல் போட்டார். 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்தான், போன் போடவா என்று கேட்ட பிறகு கல்லாவைத் திறந்து 3,300 எண்ணிக் கொடுத்தார். மிச்சம் 500 சர்வீஸ் சார்ஜாம்.