போர் (ஆழ்துளைக் கிணறு) போடுமுன் மின்தடை ஆய்வு: 70 அடி வரை சரி, 620 அடியில் வெறும் புகை

ராசிபுரம் பக்கம் எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் குறித்துக்கொடுத்த இடத்திற்கு ரிக் வண்டியை வரவழைக்கும் முன், தனியார் நிறுவனம் ஒன்றை அழைத்து மின்தடை ஆய்வு, அதாவது நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து நிலத்தடி நீரைக் கணிக்கும் ஆய்வு, செய்துகொண்டோம்.

வேலை செய்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே இரண்டு இரும்பு முனைகளின் வழியாக மண்ணுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளந்து, வெளிமுனைகளைப் படிப்படியாக விலக்கிக்கொண்டே போகும் ஷ்லம்பர்ஜர் முறையைப் பின்பற்றினார்கள். பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணில் ஒவ்வொரு முனைக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். கம்பிவேலி அளவைக் கெடுக்கும் என்று முனைகளை நடும் வரிசையையே அதற்குக் குறுக்காகத் திருப்பிக்கொண்டார்கள்.

தேங்காய்க்காரர் காட்டிய இடத்தில் 25 அடிக்குக் கீழே மின்தடைமானத்தைக் (மின்சாரத்தைத் தடுக்கும் அளவைக்) காட்டும் வரைகோடு விறுவிறுவென மேலேறியது. அடியில் கெட்டிப் பாறை. கிழக்கு வரப்பருகே மின்தடைமானம் 8 ஓம்-மீட்டருக்கு இறங்கியதும் தண்ணீர்தான் என்று நான் மகிழ்ந்தபோது, களிமண்ணும் உப்புநீரும்கூட இப்படித்தான் காட்டும் என்று அவர்களே தடுத்தார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு சவர்த் தண்ணீர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தென்மேற்கு மூலையில் 70 அடி வரை 60 முதல் 80 ஓம்-மீட்டர், அதாவது நீர் தேங்கக்கூடிய சிதைந்த பாறை என்றார்கள். அங்கேயே போட்டோம், கேசிங் (துளை சரியாமல் காக்கும் குழாய்) 75 அடி இறங்கியது, 180 அடியில் ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் கிடைத்தது.

என் மனத்தாங்கல் அறிக்கையின் கடைசி வரியைப் பற்றியது. '620 அடியில் பெரிய ஊற்று' என்று அதில் எழுதியிருந்தார்கள். பக்கத்துக் காட்டையும் சேர்த்து அவர்கள் கம்பி விரித்ததே முனைக்கு முனை 660 அடிதான். அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரைதான் இந்த முறையால் நம்பத்தகுந்தபடி பார்க்க முடியும். அதற்கும் கீழே பாறைக்குள் இருக்கும் மெல்லிய வெடிப்பை எப்படிக் கண்டார்கள்? இதை அறியாமல் 650 அடி வரை ஓட்டினோம். இருநூறு அடிக்குக் கீழே ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை, புகைதான் வந்தது. ஆழம் போகப் போக அடிக்கூலியும் ஏறியது.

இருந்தாலும் அடுத்த போருக்கும் இவர்களையே அழைப்பேன்; பாறையில் போக வேண்டிய பணத்தை இரண்டு இடங்களில் காப்பாற்றியவர்கள். ஆனால் அளவுத்தாளைக் கையில் வாங்கி, கம்பி எத்தனை அடி விரித்தார்கள் என்று பார்த்த பிறகே ஆழத்தை முடிவு செய்வேன்.