பிச்சாவரம்: துடுப்புப் படகில் ஒரு காலை

விடுமுறையில் சிதம்பரம் வரும் எங்களைப் போன்ற வெளிநாட்டுவாசிகள் நடராசர் கோயிலையும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பது வழக்கம். அதில் குறையொன்றும் இல்லை. கோயிலுக்குக் காலையையும் காட்டுக்கு உச்சி வெயிலையும் ஒதுக்குவதுதான் பொருத்தமற்றது. கோயில் மாலையிலும் திறந்திருக்கும், பறவைகளோ வெயில் ஏறியதும் இலைகளுக்குள் ஒடுங்கிவிடும். எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்த பயண முகவர் இந்த வரிசையை மாற்றித் தர முதலில் மறுத்து, பிறகு விடியற்காலைப் புறப்பாட்டுக்கென்று தனிக் கட்டணம் கேட்டார். கொடுத்தோம், கொடுத்த பணம் வீண்போகவில்லை.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர் தூரம். வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரியும் இந்த அலையாத்திக் காடு 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. வார நாள் என்பதால் சீட்டு வாங்கும் இடத்தில் நெரிசல் இல்லை. இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் கைப்பேசிக் கட்டணத்தை நம்பாமல் ரொக்கம் வைத்திருப்பது நல்லது. மூட்டுவலிக்கார என் தாயார் ஏறும்வரை படகோட்டி படகைப் படித்துறையோடு அணைத்துப் பிடித்திருந்ததையும், உயிர்காப்பு உடையை எல்லோரும் சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்த்த பிறகே துடுப்பை எடுத்ததையும் குறிப்பிட வேண்டும்.

விசைப்படகா, துடுப்புப் படகா என்ற கேள்விக்கு என் விடை ஐயமின்றித் துடுப்புப் படகுதான். விசைப்படகில் அகன்ற கால்வாய்களில் காற்று வாங்கிக்கொண்டு விரைவாகப் போய் வரலாம். ஆனால் கிளைகள் தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையத் துடுப்புப் படகுதான் வேண்டும். “மோட்டார் சத்தத்துக்கு எந்தப் பறவைம்மா உக்காந்திருக்கும்?” என்று எங்கள் படகோட்டி கேட்டது தொழில் பற்றினால் மட்டும் வந்த பேச்சன்று. அடுத்த வளைவிலேயே ஒரு மீன்கொத்தி எங்களைப் பொருட்படுத்தாமல் தன் மீனைக் கிளையில் அடித்துக்கொண்டிருந்தது.

முதன்முறை வருபவர்கள் மரங்களையே அண்ணாந்து பார்க்கிறார்கள். நீர் வற்றியிருக்கும் வேளையில் பார்க்க வேண்டியது சேற்றைத்தான். வெண்கண்டல் மரத்தைச் சுற்றி மூச்சுவேர்கள் விரற்கடை இடைவெளியில் குத்திட்டு நிற்க, அவற்றுக்கிடையே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்குகின்றன. கண் பிதுங்கிய உளுவை மீன்கள் நீரை விட்டு வெளியேறி, மார்புத் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திப் போகின்றன. சுரபுன்னையில் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்குகிறது. படகோட்டி வெண்கண்டல் இலை ஒன்றைக் காட்டி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வேர் வழியாக ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுவதால் நன்றாகவே கரித்தது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையையும் காட்டினார், ஆனால் தொட விடவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

மரங்கள் வெட்டப்பட்டு உவர்நிலமாகிப்போன பகுதிகளில் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டிக் கடல்நீரைப் பாயவிட்டு, காட்டை மீட்ட பணி 1990-களில் இங்கே நடந்தது. 2004 ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்து, பின்னாலிருந்த குப்பங்களுக்குப் பெருஞ்சேதம் வராமல் காத்ததில் இந்தக் காட்டுக்குப் பங்குண்டு. படகோட்டி இதைச் சொல்லும்போது துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார். இப்படிப் பேசத் தெரிந்தவர் அமைவது நம் கையில் இல்லை என்பதே இச்சேவையில் எனக்குப் பட்ட ஒரே குறை.

நீர்நாய் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனாலும் எங்கள் கண்ணில் படவில்லை. கொக்கு, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, செம்பருந்து ஆகியவற்றை நிதானமாகப் பார்த்தோம். வலசைப் பறவைகளுக்காக வருவோர் மழை ஓய்ந்த தை, மாசியில் வரலாம். பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வருவோருக்குக் குறுகிய நேரச் சுற்றே போதும்; திறந்த படகில் அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கும்போது நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வண்டி பிடிக்க விரும்பாதவர்களுக்குச் சிதம்பரத்திலிருந்து பேருந்தும் உண்டு.