சேற்றில் இழுவை போனால் உடனே எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்

காலபோக (மாரிகால நெற்செய்கை) உழவுக்கு லேண்ட்மாஸ்டரை, அதாவது கையால் பிடித்து ஓட்டும் இருசில்லு உழவு இயந்திரத்தை, வெளியே எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் இதை ஒரு தடவை வாசியுங்கள். மேட்டில் நன்றாக ஓடும் இயந்திரம் சேற்றில் இறங்கியதும் இழுவை இழந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வயலில் ஓட்டிப் பார்க்காமலே ஒருவர் “ரிங் போய்விட்டது, லைனர் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்” என்று சொன்னால், அந்த இடத்தில் இயந்திரத்தை விட்டுவிட்டு வராதீர்கள். (லைனர் என்பது பிஸ்டன் ஓடும் உருளை, ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்.) கடந்த மாரியில் யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு கராஜுக்கு 68,500 ரூபாய் கொடுத்தோம். விதைப்பும் பிந்தியது. எஞ்சினோ, கொண்டுபோனபோது இருந்ததைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தது. உண்மையான பழுது, டீசல் பில்டர் அடைத்திருந்ததுதான்.

கராஜின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். அவர்கள் ஏமாற்றிய முறைதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே கதையைக் கைதடியிலும் மட்டுவிலிலும் வேறு ஆட்களிடம் கேட்டுவிட்டேன்.

எங்களுடையது 12 குதிரைவலு ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டிய சீன லேண்ட்மாஸ்டர். அப்பா வாங்கியது. சொந்த வயல் 24 பரப்பு, அதாவது ஒன்றரை ஏக்கர். அதைத் தவிர அயலவர்களின் வயலையும் கூலிக்கு உழுது கொடுக்கிறோம். எங்கள் பகுதியில் பெரும்பாலும் புழுதி விதைப்புத்தான். கடந்த போகத்தில் மழை முந்திவிட்டதால் மண் காயவில்லை. இரும்புச் சில்லைப் பூட்டிச் சேற்றில் அடித்து விதைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. முழங்கால் புதையும் சேறு.

அங்கேதான் கோளாறு தெரிந்தது. வீதியில் வெறும் பெட்டியை (டிரெய்லரை) இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு குறையும் இல்லை. வயலில் இறங்கி ஒன்றிரண்டு சுற்று உழுததும் எஞ்சின் சத்தம் மெல்ல மெல்ல இறங்கும், அப்படியே நின்றுவிடும். சற்று நேரம் சும்மா விட்டு ஹாண்டில் போட்டால் முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்ளும். திரும்ப ஒன்றிரண்டு சுற்று நன்றாக உழும், திரும்ப இறங்கும். சைலன்சரில் கரும்புகை இல்லை, நீலப்புகை இல்லை. இந்த விபரங்கள் அத்தனையையும் கராஜில் வரிசையாகச் சொன்னேன். எஞ்சினைப் பற்றித் தெரிந்த ஒருவருக்கு நோயைக் கண்டுபிடிக்க அதுவே போதுமாக இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் சீமெந்துத் தரையில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தார்கள். அக்சிலேட்டரைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். எஞ்சின் தலையில் உள்ள தொட்டியில் தண்ணீர் குமிழி விடுவதைக் காட்டி, “அண்ணை, பாருங்கள், தண்ணீர் கொதிக்கிறது. உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது. இப்போது செய்யாவிட்டால் பிளாக்கே வெடித்துவிடும்” என்றார் கராஜ்காரர். விதைநெல் ஊறப்போட்டிருக்கும் நேரத்தில் ஒரு கமக்காரனுக்கு இதைவிடப் பயங்காட்ட வேறு வார்த்தை வேண்டியதில்லை.

தண்ணீர் கொதிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரை மடக்குவது இந்த ஒரு காட்சிதான். இந்த வகை எஞ்சின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. மேலே திறந்த தொட்டியில் இருக்கும் தண்ணீர் சூடாகி, கொதித்து, ஆவியாகிப் போவதன் மூலமே எஞ்சின் குளிர்கிறது. அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பாரம் இழுக்கும்போது தண்ணீர் கொதிப்பது இயல்பு. மட்டத்தைக் காட்டும் மிதப்பு கீழே இறங்கும்போது தண்ணீர் விட்டால் போதும். கொதியைக் காட்டி எஞ்சின் போய்விட்டது என்று சொல்பவருக்கு அந்த எஞ்சினைத் தெரியாது, அல்லது தெரிந்துகொண்டே பொய் சொல்கிறார்.

பில்லில் பிஸ்டன், ரிங், லைனர், ஹெட் காஸ்கெட், நொசில் (டீசலைத் தூவும் முனை), கூலி என்று எழுதியிருந்தது. பழைய சாமான்களைக் கேட்டேன். “இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான்” என்றார்கள். ஸ்டார்ட் செய்து காட்டியபோது எஞ்சின் முன்பைவிட உறுமியது. அந்த உறுமலுக்கான காரணம் பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் உச்சவேகத் திருகாணியில் இருந்த முத்திரைக் கம்பியை அறுத்து, திருகாணியை ஏற்றிவிட்டிருந்தார்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சினை அதற்கு மேல் ஓடவிட்டால் தரையில் நிற்கும்போது சத்தம் கூடுதலாகக் கேட்கும், இழுவை கூடாது. கனெக்டிங் ரொட் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வரும் ஆபத்துத்தான் கூடும். ஹாண்டில் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பவன் உயிருள்ள மனிதன் என்ற நினைப்பு ஒருவருக்கும் இருக்கவில்லை.

வயலில் இறக்கினோம். அதே கோளாறு, அதே இடம். தொலைபேசியில் கேட்டபோது, “புது ரிங் படியும் வரை அப்படித்தான் இருக்கும், ஐம்பது மணித்தியாலம் ஓட்டுங்கள்” என்று பதில் வந்தது. அதற்குள் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தபோது ஒயில் பால்தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. மட்டமும் ஏறியிருந்தது. ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அதோடு எஞ்சினை நிறுத்திவிட்டோம்.

சாவகச்சேரிப் பக்கம், தொழிலை விட்டு வீட்டோடு இருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் மைத்துனர் அழைத்துப் போனார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத ஊரில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். கையில் ஒரு ஸ்பனரும் எடுக்காமல் அவர் கேட்ட முதற்கேள்வி: “தம்பி, சத்தம் இறங்கும்போது புகை என்ன நிறம்?” புகையே இல்லை என்றேன். “சற்று ஆறவிட்டால் திரும்ப இழுக்கிறதா?” ஆம் என்றேன். “அப்படியானால் அதற்குச் சாப்பாடு போகவில்லை. டீசல் வழியைப் பார்ப்போம், ஆனால் முதலில் அந்த ஒயிலை வடிக்க வேண்டும்.”

பம்புக்குப் போகும் டீசல் குழாயைக் கழற்றி, டாங்கியின் திறப்பைத் திறக்கச் சொன்னார். நூல் அறாமல் ஓட வேண்டிய டீசல், சொட்டுச் சொட்டாக விழுந்தது. பில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணீர், கடதாசிப் பில்டரைச் சுற்றிக் கறுத்த வழுவழுப்பு. புது நொசில் போட்டதாகப் பில் எழுதியவர்கள், அதற்கு டீசல் வரும் பாதையில் ஒரு சாண் தள்ளியிருக்கும் கிண்ணத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஏன் மேட்டில் ஓடியது, சேற்றில் நின்றது என்பதை அவர் விளக்கிய விதம் எனக்கு மனப்பாடம். பாரம் இல்லாத எஞ்சினுக்குக் கொஞ்ச டீசல் போதும், சொட்டினாலும் சமாளிக்கும். சேற்றில் பாரம் ஏறியதும் வேகம் குறையப் பார்க்கும், கவர்னர் உடனே பம்பை அதிகமாகத் திறக்கும். பம்ப் கேட்கும் அளவுக்கு அடைத்த பில்டரால் கொடுக்க முடியாது. பம்பிலும் குழாயிலும் இருந்தது தீரும் வரை ஒன்றிரண்டு சுற்று உழும், பிறகு இறங்கும். நிறுத்தி வைத்தால் அந்தச் சொட்டுகள் சேர்ந்து மறுபடி நிரம்பும், அதனால் திரும்ப உசார் வரும். ரிங் தேய்ந்த எஞ்சின் இப்படி நடந்துகொள்ளாது. அதற்கு அமுக்கம் குறைவாக இருக்கும், முதற்சுற்றில் பற்றாது, நீலப்புகை விடும், ஓய்வு கொடுத்ததால் இழுவை திரும்பி வராது.

அன்றும் பிறகும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இதைத் தெரிந்த ஆளிடம் எந்தக் கராஜும் துணிந்து பொய் சொல்லாது.

சேற்றில் நிற்கும்போது முதலில் காதைக் கொடுங்கள். எஞ்சின் சத்தம் குறையாமல் சில்லு மட்டும் நின்றால், எஞ்சினில் பிழையில்லை. வலு சில்லுக்குப் போகவில்லை. பெல்ட் வழுக்குகிறது, அல்லது கிளச் பிடிக்கவில்லை. சேறும் தண்ணீரும் தெறித்து நனைந்த பெல்ட் இலகுவாக வழுக்கும். கருகிய ரப்பர் மணமும் தொட முடியாதபடி சூடேறிய கப்பியும் (பெல்ட் ஓடும் சில்லு) அதைக் காட்டிக்கொடுக்கும் (எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும்). தொய்ந்திருந்தால் எஞ்சினை முன்னே தள்ளி இறுக்கலாம். மாற்றுவதானால் எல்லாப் பெல்ட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், நீண்டுபோன பழையவை சும்மா சுற்ற, முழுப் பாரமும் அந்தப் புதியதில் விழுந்து அதுவும் போய்விடும்.

சத்தம் இறங்கிக் கரும்புகை தள்ளினால், டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்றுப் போதவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை தூக்கச் சொல்வது போன்ற நிலை. எயர் கிளீனரின் அடியில் உள்ள ஒயிலை மாற்றி, வலையைக் கழுவுங்கள். சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தால், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஆழமாக இறங்கியிருக்கும். பின்னால் உள்ள வாற்சில்லைக் கொண்டு ஆழத்தைக் குறைத்துப் பாருங்கள், எஞ்சினைக் குறைசொல்வதற்கு முன்.

சத்தம் இறங்கிப் புகையே இல்லையென்றால் எங்களுடைய கதைதான். அங்கே ஒரு சின்னச் சோதனை உண்டு. டாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் இருக்கும். சேறு தெறித்து அது அடைபட்டால் உள்ளே காற்றுப் போகாமல் டீசல் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு உழுது பாருங்கள். இழுவை திரும்பினால், ஒரு குண்டூசியில் உங்கள் செலவு முடிந்தது. அதிலும் சரிவராவிட்டால் பில்டர். பில்டர் மாற்றிய பிறகு குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். பம்பின் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை விட்டு இறுக்க வேண்டும். கோடை முழுவதும் அரை டாங்கி டீசலோடு நிறுத்தி வைத்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராக அடியில் தங்கும். உழவுக்கு முன் கிண்ணத்தைக் கழற்றி வடித்துவிடுவது நல்லது.

இனி அந்தப் பில். ஒயிலில் தண்ணீர் கலந்த காரணத்தைப் பார்க்க ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. லைனரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே பெரியவர் என் விரலை வைத்தார். நகம் ஒரு படியில் தட்டியது. ரிங் போய்வரும் இடம் தேய்ந்து, அது எட்டாத மேல்விளிம்பு தேயாமல் நிற்பதால் வரும் படி அது. புது லைனரில் அது இருக்காது. உட்சுவரில் குறுக்குமறுக்காகத் தீட்டிய மெல்லிய கீறல்கள் தெரியும். எங்களுடையதில் கீறலே இல்லை, கண்ணாடிபோல் மினுங்கியது. பழைய லைனரை வெளியே இழுத்து, அதையே திரும்ப இறக்கியிருக்கிறார்கள். அடியில் உள்ள ரப்பர் வளையங்களைக்கூட மாற்றவில்லை. இழுத்தபோது அறுந்த அந்த வளையங்கள் வழியாகத்தான் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கியது. சாமான் மாற்றாமல் பணம் எடுத்தது ஒரு களவு. நன்றாக இருந்த எஞ்சினைக் கெடுத்துக் கையில் தந்ததை எனக்கு மன்னிக்க முடியவில்லை.

பெரியவர் வளையங்களையும் காஸ்கெட்டையும் பில்டரையும் மாற்றி, கவர்னர் திருகாணியைப் பழைய இடத்துக்கு இறக்கினார். அந்த லைனரே இன்னும் இரண்டு போகம் தாங்கும் என்றார். அதே சேற்றில் இறக்கினோம், நிற்காமல் உழுதது. ஆனால் எங்கள் வயல்வெளியில் மற்றவர்களின் நாற்று நிமிர்ந்துவிட்டது. வைத்திருந்த மொட்டைக்கறுப்பன் நெல்லை அந்தப் பிந்திய நேரத்தில் விதைக்க முடியாமல், குறுகிய வயது நெல்லைத் தேடி வாங்கி விதைத்தோம். கூலிக்கு உழுது தருவதாகச் சொன்ன வயல்களை வேறு ஆட்கள் உழுதார்கள். இவை எந்தப் பில்லிலும் வராத நட்டங்கள்.

கராஜுக்குக் கொடுப்பதாக இருந்தால், பழுதை வயலில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் இன்னொருவரைத் தேடுங்கள். எந்தச் சாமானை மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கழற்றும் சாமான்களில் பெயின்றால் ஓர் அடையாளம் போட்டுவிட்டு, அவற்றைத் திருப்பித் தந்தால்தான் பணம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். அப்படி நேர்மையானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றி இப்படியான சேவைகளுக்கும் பொருந்தும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டப்படி அவர்களின் கடமை. முறைப்பாட்டை எழுத்தில், வேலை செய்து தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. எங்கள் முறைப்பாட்டோடு பில்லின் பிரதியையும், லைனரின் படி தெரியும் படங்களையும், அறுந்த ரப்பர் வளையங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். யாருக்காவது இதே கராஜ் வேலை செய்ததாகச் சந்தேகம் இருந்தால் பில்லோடு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.